மலையடி உலையும் லண்டன் லேபும்

ஒரு மலையில இருந்து ஆரம்பிக்கிறேன். தருமபுரி மாவட்டம், அரூர்ல இருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். தீர்த்தமலை. பேரைச் சொன்னதும் ஞாபகத்துக்கு வர்றது கோயில்தான்: தீர்த்தகிரீஸ்வரர், பாறை மேல இருந்து விழுற ராமர் தீர்த்தம், தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு இறங்குற கூட்டம். அருணகிரிநாதர் பாடின தலம். இதெல்லாம் தெரிஞ்ச விஷயம்.

1864ல வெளியான ஒரு புவியியல் அறிக்கையில இதே மலை வேற ஒரு லிஸ்ட்ல வருது. எழுதினவங்க வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட். (அந்த ஃபூட்தான், அதுக்கு முந்தின வருஷம் பல்லாவரத்துல கற்கால ஆயுதத்தைக் கண்டுபிடிச்சவர்.) பழைய சேலம் ஜில்லாவோட காந்த இரும்புப் படுகைகளை அவங்க 5 தொகுதியாப் பிரிச்சாங்க: கோதுமலை, தலமலை - கொல்லிமலை, சிங்கபட்டி, தீர்த்தமலை, கஞ்சமலை. தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965லதான். அதனால 19ஆம் நூற்றாண்டுக் காகிதங்கள்ல "சேலம் இரும்பு"ன்னு பார்த்தா, அந்தப் பேருக்குள்ள இந்த மலையும் அடக்கம்னு வெச்சுக்கோங்க.

இன்னைக்கு நான் சொல்லப் போற கதை மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்கோட கதை. லேப்ல நடந்த கண்டுபிடிப்புகள், பேட்டன்ட், கோர்ட் கேஸ், நோட்புக். ஆனா அந்த லேப்கள் எல்லாம் எந்தக் கேள்வியோட வேலையை ஆரம்பிச்சதுன்னு பின்னாடி போய்ப் பார்த்தா, தென்னிந்தியாவுல இந்த மாதிரி மலையடிவாரங்கள்ல எரிஞ்ச மண் உலைகள்ல போய் நிக்குது.

முதல்ல அந்த உலைக்குள்ள என்ன நடந்ததுன்னு பார்த்துடலாம்.

இங்க கிடைக்கிற தாது மேக்னடைட். சுத்தமான மேக்னடைட்ல எடைக்கு 72 சதவீதம் இரும்பு. ஆனா இந்த மலைகள்ல அது சுத்தமா வராது; வெள்ளைப் படிகக்கல்லோட கோடு கோடா பின்னிக் கிடக்கும், கறுப்பு ஒரு வரி, வெளுப்பு ஒரு வரின்னு. அதை இடிச்சுப் பொடியாக்கிப் புடைச்சாலோ, தண்ணியில அலசினாலோ கனமான கறுப்பு மட்டும் தங்கும். நெல்லு புடைக்கிற அதே லாஜிக்.

உலை முழுக்க களிமண். 3 அடியில இருந்து 5 அடி உயரம், அடியில அகலம், மேல போகப் போகக் குறுகும். ரெண்டு ஆள் சேர்ந்தா சில மணி நேரத்துல கட்டிடலாம். காத்துக்கு ஆட்டுத்தோல் துருத்தி. உள்ள கரியும் தாதுவும் மாத்தி மாத்திப் போட்டு ஊதினா, கடைசியில பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான இரும்புக் கட்டி ஒண்ணு கிடைக்கும். இது உருகின இரும்பு கிடையாது. சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேணும். அந்த உலைக்கு அவ்வளவு சூடு வராது. கட்டியைத் திரும்பத் திரும்பச் சுடவெச்சு அடிச்சுக் கசடை வெளியே தள்ளணும். கிடைக்கிறது தேனிரும்பு. கலப்பைக்கு ஆகும். கத்தி முனை நிக்காது.

அடுத்த கட்டம்தான் விஷயம். அந்த இரும்பைத் துண்டு துண்டா வெட்டி, நெல் உமி கலந்த களிமண்ல செஞ்ச சின்ன மூசைக்குள்ள போடுவாங்க. மூசைன்னா தங்கம் உருக்குற பட்டறையில பார்த்திருப்பீங்களே, அந்தக் குப்பி. இரும்போட ஆவாரங்குச்சி கொஞ்சம். மேல பச்சை எருக்கிலை ஒண்ணு ரெண்டு வெச்சு, வாயைக் களிமண்ணால இறுக்கி அடைச்சுக் காயவிடுவாங்க. இப்படி இருபது, இருபத்து நாலு மூசையை வளைவா அடுக்கிக் கரியால மூடி, ரெண்டரை மணி நேரம் விடாம ஊதுவாங்க. ஆறினதும் மூசையை உடைச்சா, உள்ள உருண்டையா ஒரு கட்டி. அதுதான் உருக்கு. கன்னடத்துல உக்கு. ஐரோப்பாக்காரங்க எழுத்துல அது 'வூட்ஸ்' ஆச்சு.

இப்ப இதை ஒரு இன்ஜினியர் கண்ணோட பாருங்க. மூடின மூசைக்குள்ள குச்சியும் இலையும் கரிஞ்சு கார்பனாகுது, வாயுவாகுது. வெளிக்காத்து உள்ள வர முடியாது, அதனால இரும்பு திரும்பத் துருவா மாறாது. கார்பன் இரும்புக்குள்ள ஏற ஏற, அது உருகுற வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல இறங்கிடும். முதல் உலையில உருகாத இரும்பு இங்க உருகுது, இவ்வளவு சின்ன அடுப்புலயே. உமி கரிஞ்சு போன இடத்துல சிலிகா எலும்புக்கூடு மாதிரி நிக்கும். மூசை சூட்டுல இளகி விழாது. கிடைக்கிற உருக்குல கார்பன் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். கூர்மைக்கு உலகத்துல அன்னைக்கு அதை விட நல்ல சரக்கு கிடையாது.

இரும்போட பழமை பத்தித் தனி எபிசோடே போடலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில கிடைச்ச மாதிரிகளுக்கு பொ.ஆ.மு. 2172ன்னு காலக்கணிப்பு வந்ததை 2022ல தமிழ்நாடு அரசு அறிவிச்சது எல்லாருக்கும் தெரியும். அது இரும்பு. இன்னைக்கு நம்ம கதை உருக்கு. மேல்சிறுவளூர்ல உருக்கு செஞ்ச மூசைத் துண்டுகளைக் கண்டுபிடிச்சு 1990கள்ல எழுதினவர் ஷாரதா ஸ்ரீனிவாசன். அதுவும் இந்த வட்டாரத்துக்குப் பக்கம்தான்.

சரி, கட்டி லண்டன் போன கதை.

1794ல ஹெலனஸ் ஸ்காட்ங்கிற டாக்டர் பம்பாய்ல இருந்து லண்டன் ராயல் சொசைட்டி தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு வூட்ஸ் கட்டிகளை அனுப்பினார். அடுத்த வருஷம் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வாசிச்சார். அந்தக் கட்டுரையோட தலைப்பே, பம்பாயில செய்யப்படுகிற ஒரு வகை ஸ்டீல்ங்கிற அர்த்தத்துல இருக்கும். கப்பல் கிளம்பின ஊர் பேரு சரக்குக்கு ஒட்டிக்கிச்சு. இதுக்கு முன்னாடியே இதே உருக்கு மேற்கே போய், வாளா மாறி, 'டமாஸ்கஸ்'னு பேர் வாங்கியிருந்தது. நடுவுல இருந்த எல்லா கமிட்டையும் ஸ்குவாஷ் பண்ணி, கடைசியா புஷ் பண்ணவன் பேர் மட்டும் தெரியுற ரெப்போ மாதிரி.

பியர்சன் கையில இருந்தது கட்டி மட்டும். அது எப்படி வந்ததுன்னு யாரும் சொல்லலை. அவர் வந்த முடிவு: இது தாதுல இருந்து நேரா செஞ்சது, தேனிரும்பா ஒரு தடவையும் மாறலை. நீங்க இப்பதான் கேட்டீங்க, நடந்தது அதுக்கு நேர் எதிர். பைனரியை மட்டும் வெச்சுக்கிட்டு சோர்ஸ் கோடை ஊகிச்சா இப்படித்தான் ஆகும். அவரைக் குறை சொல்லி என்ன பண்றது, ஸ்டீலுக்கும் இரும்புக்கும் வித்தியாசம் கார்பன்தான்னு ஐரோப்பாவுலயே 1780கள்லதான் தெளிவாச்சு.

அடுத்து வர்றவரை உங்களுக்கு நல்லாத் தெரியும். மைக்கேல் ஃபாரடே. மோட்டார், ஜெனரேட்டர், மின்காந்தத் தூண்டல். அதெல்லாம் பின்னாடி. 1819ல அவருக்கு வயசு 28கூட நிரம்பலை. ஏறக்குறைய என் வயசு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் லேப்ல வேலை. அப்பா கொல்லர். அவரைத் தேடி வந்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், அறுவை சிகிச்சைக் கத்தி செய்றவர். ஸ்டோடார்ட் ஏற்கெனவே இந்திய வூட்ஸ்ல கத்தி செஞ்சு பார்த்து, ஐரோப்பாவோட சிறந்த ஸ்டீலை விட இது மேல்னு தன் கடை கார்டுலயே அச்சடிச்சு விளம்பரம் பண்ணவர். அவருக்குப் பிரச்சினை என்னன்னா, சரக்கு ஒரே தரத்துல வரலை, வேணும்ங்கிறப்ப கிடைக்கலை. லண்டன்லயே இதைச் செய்ய முடியுமா?

ஃபாரடே வூட்ஸைப் பகுப்பாய்வு பண்ணார். கொஞ்சம் அலுமினாவும் சிலிக்காவும் கிடைச்சது. ஆஹா, ரகசியம் இதுதான்னு முடிவு பண்ணார். அலுமினியம் சார்ந்த கலவையை நல்ல ஸ்டீலோட சேர்த்து உருக்கி 'செயற்கை வூட்ஸ்' செஞ்சார். அமிலத்துல நனைச்சா அலை அலையா வரி தெரிஞ்சது, அசல் மாதிரியே. 1819ல ஒரு கட்டுரை, 1820ல இன்னொண்ணு, 1822ல இன்னொண்ணு.

அலுமினியம் பத்தின அந்த முடிவைப் பிற்கால ஆய்வுகள் ஏத்துக்கலை. வூட்ஸோட குணம் கார்பன்ல இருந்தும், ஆறுற வேகத்துல இருந்தும், அடிக்கிற சூட்டுல இருந்தும் வருது. ஆனா தப்பான தியரியைப் பிடிச்சுக்கிட்டுப் போன ஃபாரடே, வேற ஒரு கதவைத் திறந்துட்டார். அலுமினியம் சேர்த்தா குணம் மாறுதுன்னா, மத்த உலோகங்களைச் சேர்த்தா? வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம்னு ஒவ்வொண்ணா ஸ்டீலோட உருக்கினார். வெள்ளி வேடிக்கையானது: அளவு கூடினா ஸ்டீலோட சேராம நார் நாரா வெளியே கசிஞ்சு நிக்கும். 500ல ஒரு பங்குன்னு குறைச்சதும் அடங்கிச்சு. ரோடியம் ஸ்டீல்ல ரேசர் செஞ்சு நண்பர்களுக்குக் குடுத்தார். ஷெஃபீல்டுல பெரிய அளவுலயும் உருக்கிப் பார்த்தாங்க.

ஒரு அடிப்படை உலோகத்தை எடுத்து, ஒரு சமயத்துல ஒரே ஒரு பொருளை மாத்தி, அளவை எழுதி வெச்சு, குணத்தைச் சோதிச்சு, மாதிரிகளைப் பத்திரப்படுத்துறது. இன்னைக்கு எந்த மெட்டீரியல்ஸ் லேபுக்குப் போனாலும் இதுதான் வேலை. அலாய் ஸ்டீல் ஆராய்ச்சியோட தொடக்கம்னு எந்தப் பாடப்புத்தகமும் இந்த இடத்தைத்தான் காட்டும். அதோட வேலைப்பட்டியல்ல முதல் வரி: வூட்ஸை காப்பி அடி.

1823ல ஸ்டோடார்ட் இறந்தார். கொஞ்ச நாள்ல ஃபாரடே ஸ்டீலை விட்டுட்டு வேற பக்கம் போயிட்டார். பாரிஸ்ல பிரேயான்ங்கிற நாணயச்சாலை ஆள் அதே சமயத்துல இந்தப் பிரச்சினையைப் பிடிச்சுக்கிட்டு, வரிகளுக்குக் காரணம் அதிகப்படியான கார்பன்தான்னு சரியான பக்கம் வந்து சேர்ந்தார். அவர் கதையை விரிக்கலை. ஏன்னா எனக்கு அவசரமா சேலத்துக்குத் திரும்பணும்.

சேலத்துல ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு ஆள். கிழக்கிந்தியக் கம்பெனியோட மதராஸ் சிவில் சர்வீஸ். பறவை, விலங்குன்னு சேகரிக்கிற பழக்கமும் உண்டு. நம்ம ஊர்ல சாதாரணமாப் பறக்கிற ஒரு மஞ்சள் வவ்வால் இனத்துக்கு இன்னைக்கும் அறிவியல் பேர்ல இவர் பேர்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. இந்தத் தாதுவைப் பார்த்ததும் மனுஷனுக்கு வேற எதுவும் ஓடலை. வேலையை விட்டுட்டு, கம்பெனிக்கிட்ட முன்பணமும் தனி உரிமையும் வாங்கி, 1830ல பரங்கிப்பேட்டையில இரும்பாலை ஆரம்பிச்சார். ஐரோப்பிய முறைப் பெரிய ஊதுலை, இந்தியாவுல முதல் முயற்சிகள்ல ஒண்ணு.

மேப்பை எடுத்துப் பாருங்க. தாது சேலத்துல, உலை கடற்கரையில. நேர்கோட்டுல அளந்தாலே 175 கிலோமீட்டர். எரிபொருள் கரி, அதாவது காடு. மலையடியில ஒரு குடும்பம் வாரத்துக்குக் கொஞ்சம்னு எரிச்சா காடு தாங்கும். ஊதுலை அப்படி இல்லை, ராப்பகலா தின்னும். பக்கத்துக் காடு தீரத் தீரக் கரி தூரத்துல இருந்து வரணும், விலை ஏறணும். ஆலை திணறித் திணறி ஓடி, ஹீத் போன பிறகும் இழுத்துக்கிட்டு, 1860கள்ல நின்னுபோச்சு. அந்த இரும்பு வேல்ஸ் மெனாய் தொங்குபாலத்துல இருக்குன்னு ஒரு பெருமை நெட்ல சுத்துது. அந்தப் பாலம் திறந்தது 1826. ஆலை ஆரம்பிச்சது 1830. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

ஹீத் முக்கியமாகுறது ஆலையால கிடையாது. ரெண்டு விஷயம், ரெண்டுமே 1839ல.

முதல் விஷயம், ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி இதழ்ல இந்திய இரும்பு, ஸ்டீல் பத்தி அவர் எழுதின கட்டுரை. நான் மேல சொன்ன உலை, மூசை, ஆவாரங்குச்சி, எருக்கிலை விவரம் பெரும்பாலும் அதுல இருந்துதான் நமக்குக் கிடைக்குது. அவர் அதுல ஒரு ஒப்பீடு பண்றார். இங்கிலாந்துல மூசையில ஸ்டீல் உருக்குற முறையை 1740கள்ல பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கொண்டு வந்தார். கார்பன் வாயு வழியா இரும்பை ஸ்டீலாக்குற முறைக்கு 1825ல சார்லஸ் மெக்கின்டாஷ் பேட்டன்ட் எடுத்தார் (மழைக்கோட்டு மெக்கின்டாஷ், அவரேதான்). பச்சை இலை போட்டு மூடின இந்த ஊர் மூசையில ரெண்டு தத்துவமும் ஒண்ணா இருக்குன்னு ஹீத் கவனிக்கிறார். ரெண்டு இங்கிலீஷ் கண்டுபிடிப்பு, ஒரே மண் குப்பிக்குள்ள. ஷெஃபீல்டுல கார்பன் ஏத்த மட்டும் நாள்கணக்கா சுட்டுக்கிட்டு இருந்தப்ப, இங்க ரெண்டரை மணி நேரம்.

அவ்வளவு தூரம் வந்த மனுஷன், அடுத்த வாக்கியத்துல ஒரு குண்டைப் போடுறார். இதை அறிவியல் முறையில யோசிச்சுக் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நினைக்க முடியாது, ஏன்னா இதோட தியரியை நவீன வேதியியலாலதான் விளக்க முடியும்ங்கிறார்.

எனக்கு இங்கதான் சண்டை. ஃபாரடேவோட தியரியும் தப்புதானே? அலுமினியம்னு நம்பினார், அது இல்லை. அதனால அவர் செஞ்சது அறிவியல் இல்லைன்னு யாராவது சொல்றாங்களா? சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. அவர் மாத்திப் பார்த்தார், அளந்தார், தேறினதை வெச்சுக்கிட்டார். எருக்கிலைக்கு முன்னாடி எத்தனை இலையைப் போட்டுப் பார்த்திருப்பாங்க? உமி எவ்வளவு கலந்தா மூசை வெடிக்காதுன்னு எத்தனை மூசை வெடிச்ச பிறகு தெரிஞ்சிருக்கும்? 24 மூசையை ஒரே உலையில அடுக்கி, ரெண்டரை மணி நேரத்துல நிறுத்துங்கிற எண் வானத்துல இருந்து விழாது. ஒரே ராத்திரியில தற்செயலா நடந்தா அது விபத்து. தலைமுறை தலைமுறையா ஒரே தரத்துல நடந்தா அதுக்குப் பேர் ப்ராசஸ் கன்ட்ரோல். வித்தியாசம், ஃபாரடேக்கிட்ட நோட்புக் இருந்தது. இவங்க நோட்புக் கையில இருந்தது, கண்ணுல இருந்தது, பையனுக்குச் சொல்லிக் குடுத்ததுல இருந்தது. அவங்கள்ல ஒருத்தர் பேர்கூட எனக்கு எந்தக் கட்டுரையிலயும் கண்ணுல படலை.

ரெண்டாவது விஷயம் பேட்டன்ட். 1839 ஏப்ரல். மூசை ஸ்டீல்ல 'மாங்கனீஸ் கார்புரெட்', அதாவது கார்பன் ஏத்தின மாங்கனீஸ், 1 முதல் 3 சதவீதம் சேர்த்தா ஸ்டீல் அடிக்கவும் ஒட்டவும் நல்லா வரும். இது ஏன் பெரிய விஷயம்? அதுவரைக்கும் ஷெஃபீல்டுக்கு நல்ல ஸ்டீல் வேணும்னா ஸ்வீடன்ல இருந்து விலை கூடின இரும்பு வாங்கணும். உள்ளூர் இரும்புல கந்தகமும் ஆக்சிஜனும் தொல்லை. சூட்டுல அடிச்சா உதிரும். மாங்கனீஸ் அது ரெண்டையும் பிடிச்சுக் கட்டிப்போடும். மட்டமான இரும்புல இருந்தே நல்ல ஸ்டீல். டன்னுக்கு 30, 40 பவுண்டு விலை குறைஞ்சதா அந்தக் காலத்து எழுத்துகள் சொல்லுது.

இப்ப ஹீத் பணக்காரர் ஆகியிருக்கணும். ஆகலை. லைசன்ஸ் வாங்கினவங்களுக்கு உதவுறேன்னு அவரே ஒரு சுலப வழி சொன்னார்: கார்புரெட்டைத் தனியா தயாரிச்சு ஏன் கஷ்டப்படுறீங்க, மாங்கனீஸ் ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரா மூசையில போடுங்க, உள்ளேயே கார்புரெட் ஆயிடும். வேதியியல்படி நூத்துக்கு நூறு சரி. ஆனா பேட்டன்ட்ல எழுதியிருந்தது 'கார்புரெட்'. அவரோட ஏஜென்டாவே இருந்த அன்வின் இதைப் பிடிச்சுக்கிட்டார்: நான் போட்டது ஆக்சைடும் கரியும், கார்புரெட் நான் போடவே இல்லை, ஒரு காசும் தரமாட்டேன். கேஸ் கோர்ட் கோர்ட்டா ஏறிச்சு. 1851ல ஷெஃபீல்டுல ஹீத் செத்துப்போனார், கேஸ் சாகலை. 1855ல பிரபுக்கள் சபை சொன்ன கடைசித் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராத்தான் வந்தது. க்ளெய்ம் எழுதுறப்ப ஒரு வார்த்தை குறுகலா விழுந்ததுக்கு இவ்வளவு விலை. பேட்டன்ட் டிராஃப்ட் பண்ற நண்பர்கள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, இந்தக் கேஸைத் தேடிப் படிங்க.

யோசிச்சுப் பார்த்தா, ஹீத் மூடின மூசைக்குள்ள ஒரு பொருளைப் போட்டு, அது உள்ளேயே இன்னொண்ணா மாறி வேலை செய்யட்டும்னு விட்டார். குச்சியும் இலையும் போட்டு மூடின மூசையை விவரமா எழுதினதும் அவர்தான். ஒண்ணுல இருந்து இன்னொண்ணு வந்ததுன்னு நிரூபிக்கக் காகிதம் எதுவும் என்கிட்ட இல்லை, அதனால அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரே வருஷம், ஒரே ஆள், ஒரே மாதிரிப் பாத்திரம். அதோட நிறுத்திக்கிறேன்.

மாங்கனீஸ் அங்க நிக்கலை. 1856ல பெஸ்ஸெமர் தன் புது முறையை அறிவிச்சப்ப ஸ்டீல் உடைஞ்சு உடைஞ்சு போச்சு. ராபர்ட் முஷெட் மாங்கனீஸ் உள்ள வார்ப்பிரும்பைச் சேர்த்து அதைச் சரிபண்ணார். ரயில் தண்டவாளம் எல்லாம் அதுக்கப்புறம்தான் ஸ்டீலாச்சு. 1882ல ஷெஃபீல்டுல ராபர்ட் ஹேட்ஃபீல்டுங்கிற இளைஞர் மாங்கனீஸை 12, 13 சதவீதத்துக்கு ஏத்தினார். அடிக்க அடிக்க இறுகுற ஸ்டீல் கிடைச்சது. கல் உடைக்கிற கிரஷர் தாடையில இன்னைக்கும் அதுதான். தருமபுரிப் பக்கம் ஏதாவது ஜல்லி கிரஷருக்குப் போனா ஹேட்ஃபீல்டு பேரைச் சொல்லிப் பாருங்க, ஸ்பேர் பார்ட்ஸ் ஆளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இதே ஹேட்ஃபீல்டு, வயசான பிறகு, லண்டன் மியூசியத்துல ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ள ஃபாரடே விட்டுட்டுப் போன 79 ஸ்டீல் துண்டுகள். நூறு வருஷமா யாரும் சோதிக்காதது. மாதிரி ரொம்பச் சின்னது, வீணாக்க முடியாது, அதனால துளித்துளியா எடுத்துப் பகுப்பாய்வு பண்ணி 1931ல ஒரு புத்தகமே போட்டார். அலாய் ஸ்டீலோட முன்னோடி தான்தான்னு உலகம் சொல்லிக்கிட்டு இருந்தப்ப, இல்லப்பா, எனக்கு முன்னாடி இவர்னு ஆதாரத்தோட வெச்ச மனுஷன். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்தது.

லேப்கள் வூட்ஸை விடலை. 1970கள்ல ஸ்டான்ஃபோர்டுல ஓலெக் ஷெர்பியும் ஜெஃப்ரி வாட்ஸ்வொர்த்தும் சூடாக்கி இழுத்தா உடையாம பல மடங்கு நீளுற ஸ்டீல் ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. கார்பன் 1ல இருந்து 2 சதவீதம் வரைக்கும். இவ்வளவு கார்பன் போட்டா ஸ்டீல் நொறுங்கும்னு பாடம் படிச்சவங்க எல்லாம் நம்பின காலம். அதைப் பத்தி ஒரு இடத்துல பேசினப்ப, கூட்டத்துல இருந்த வாள் பிரியர் ஒருத்தர்தான் சொன்னார்: டமாஸ்கஸ் வாள்லயும் இவ்வளவு கார்பன் உண்டே. புதுசுன்னு நினைச்ச சரக்குக்கு ரொம்பப் பழைய வெர்ஷன் ஒண்ணு இருந்திருக்கு.

2006ல டிரெஸ்டன்ல ஒரு குழு 17ஆம் நூற்றாண்டு வாள்ல கார்பன் நானோ குழாய் இருக்குன்னு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. உடனே வாட்ஸ்அப்ல 'நம் முன்னோர் நானோ டெக்னாலஜி அறிந்தவர்கள்'னு வந்திருக்குமே, உங்க ஃபேமிலி குரூப்லயும். நானோ குழாய் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவங்களுக்குத் தெரிஞ்சது எந்த இலை, எவ்வளவு நேரம், எந்தச் சூட்டு நிறத்துல அடிக்கணும்ங்கிறது. அதுவே பெரிய விஷயம். அதை விட்டுட்டு இல்லாத பட்டத்தை எதுக்குக் குடுக்கணும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை 1998ல வந்தது. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல வெர்ஹோவன்ங்கிற பேராசிரியர், கூட ஆல்ஃப்ரெட் பென்ட்ரேங்கிற ஃபுளோரிடா கொல்லர். லேப் ஆளும் பட்டறை ஆளும் ஒரே கட்டுரையில ஆசிரியர்கள். அசல் வாள் வரியை அவங்க திரும்ப வரவெச்சாங்க. காரணமா அவங்க காட்டினது வனேடியம் மாதிரியான கலப்புத் தனிமங்கள், பத்து லட்சத்துல 40 பங்கு போன்ற அளவுல. கட்டி ஆறுறப்ப அந்தத் துளி வனேடியம் வரிசையா ஒதுங்குது. திரும்பத் திரும்பச் சுட்டு அடிக்கிறப்ப கார்பைடு அந்த வரிசையிலயே கோர்த்துக்குது. அந்தத் துளி எங்க இருந்து வந்திருக்கும்? தாதுல இருந்து. தாது மாறினா, அதே கைவேலை, அதே மூசை, ஆனா வரி வராது. வாள் செய்யுற கலை மறைஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்ங்கிறது அவங்க கருத்து. ஃபாரடே கட்டிக்குள்ள ஒரு ரகசியப் பொருளைத் தேடினார் இல்லையா. தேடின திசை அவ்வளவு மோசமில்லை. உலோகம்தான் வேற.

உலைகள் என்னாச்சு? 1892ல புவியியல் துறைக்காக டி. எச். ஹாலந்து சேலம் ஜில்லாவோட இரும்புத் தாதுகளையும் இரும்புத் தொழிலையும் பத்தி அறிக்கை எழுதினார். அதுக்குள்ள தொழில் தேய்ஞ்சுபோயிருந்தது. ஒரு பக்கம் கப்பல்ல வந்து இறங்குற மலிவான இங்கிலீஷ் இரும்பு, இன்னொரு பக்கம் காட்டுக்குள்ள கரி சுட விடாத வனச்சட்டம். அந்த இங்கிலீஷ் ஸ்டீல் ஏன் அவ்வளவு மலிவாச்சுன்னா, மாங்கனீஸ் ஒரு காரணம்.

சேலத்துல இப்பவும் ஸ்டீல் இருக்கு, 1980கள்ல ஓட ஆரம்பிச்ச அரசு ஆலை. கஞ்சமலைத் தாதுவை நம்பித்தான் அந்தத் திட்டத்தை முதல்ல யோசிச்சாங்க. கடைசியில அங்க வர்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குரோமியம் கலந்தது. தாதும் உள்ளூர் தாது கிடையாது. உங்க வீட்டுத் தட்டு அந்த ஆலைத் தகடா இருக்க வாய்ப்பு உண்டு. குரோமியத்தை ஸ்டீலோட சேர்த்து உருக்கிப் பார்த்த ஆரம்ப ஆள்கள்ல ஒருத்தர் யாருன்னு உங்களுக்கு இப்பத் தெரியும்.

தீர்த்தமலைக்குப் போறவங்க கோயிலுக்கு ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன காந்தத்தைப் பையில போட்டுக்கிட்டுப் போங்க, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டினதே போதும். சுத்துவட்டாரத்துல கறுப்பும் வெளுப்பும் வரி வரியாக் கிடக்குற கனமான கல் கண்ணுல பட்டா, கறுப்பு வரியில வெச்சுப் பாருங்க. வீடியோ எடுத்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடலாம். அடுத்தது பரங்கிப்பேட்டை ஆலையோட கரிக் கணக்கு.